ஐந்தாம் கிளையின் குளிர் அறை

"அதான் நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டேனே சார்" என்றார் வேன்காரர்.

மேனேஜர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நேற்று அவர் வேன்காரரைக் கூப்பிடவில்லை. நேற்று என்ன, பதினோரு வருஷமாகவே கூப்பிடவில்லை. இன்று காலையில்தான் பழைய டைரியைப் புரட்டி நம்பரைத் தேடியெடுத்து, எடுப்பாரோ மாட்டாரோ என்று போட்டுப் பார்த்தார்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க ஆளுகிட்டதான் சார். புத்தகம் எழுதுறதா சொல்லிச்சு. சின்னப் பொண்ணு. நம்ம யூனிஃபார்மையே போட்டுக்கிட்டு வந்திருந்துச்சு. பச்சைக் கோட்டு, மஞ்சக் காலர். இன்னுமா அதெல்லாம் வச்சிருக்கீங்க?"

வைத்திருக்கவில்லை. கம்பெனியை மூடிய வாரமே அந்தக் கோட்டுகளை மூட்டை மூட்டையாகக் கட்டி, மெஷின் துடைக்கும் துணிக்கென்று எடைக்குப் போட்டவர் மேனேஜரேதான்.

'நிறைகூடை' என்றால் அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் தெரியாதவர் கிடையாது. ஒரு மேசை, ஒரு தராசு, இரண்டு அலமாரி என்று பெரிய முதலாளி தொடங்கிய கடை முப்பத்தொரு வருஷத்தில் பதினெட்டுக் கிளைகளாகப் பெருகியது. சாமானை யாரும் எடுத்துத் தர வேண்டாம், நீயே கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அன்றைக்குப் பெரிய அதிசயம். மூன்றாவது கிளையில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு வந்தபோது, எதையும் வாங்காமல் அதற்கு முன்னால் போவதும் வருவதுமாகவே பொழுதைக் கழித்தவர்கள் உண்டு. ஐந்தாவது கிளையில் ஆள் உள்ளே நடந்து போகும் அளவுக்குப் பெரிய குளிர் அறை. அதுமாதிரி அந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லை. பெரிய முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிவந்து, கனத்த கதவைத் திறந்து, வெள்ளைப் புகை தரையில் வழிவதைக் காட்டுவார். பிறகு கடல்போலப் பணம் வைத்திருந்த வெளிக் கம்பெனிகள் வந்தன. பதினெட்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. இப்போது ஒன்று டியூஷன் சென்டர், ஒன்று டயர் கிடங்கு, ஒன்றில் பல் டாக்டர். மற்றவற்றின் பூட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

பெரிய முதலாளி செத்து வருஷம் ஆனதும் அவர் மகன் மேனேஜரைத் தேடி வந்தார். அப்பா பேரில் ஒரு புத்தகம் இருக்கட்டும், தொடக்கத்திலிருந்து கடைசிவரை கூட இருந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களே எழுதுங்கள் என்றார். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறுபத்தாறு வயதில் தெருவே இன்னும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறது. பின்கட்டு அறையில் மேசையைப் போட்டு, ஒரு ரீம் வெள்ளைத்தாள் வாங்கி, மனைவியிடம் வேளாவேளைக்குக் காபி கேட்டு எழுத ஆரம்பித்து இரண்டு மாதமாயிற்று. நாலு கிளைகளின் கதை முடிந்துவிட்டது. ஐந்தாவதில்தான் பேனா ஓடவில்லை. பழைய ஆட்களிடம் நாலு நல்ல விஷயம் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று போனை எடுத்தவருக்குத்தான் இந்தப் பதில்.

வேன்காரர் நிறுத்தவில்லை. அந்தப் பெண் வந்ததும் ஃபேனை நிறுத்தச் சொன்னதாம். சித்திரை வெயிலில் கை இரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாம். எழுந்து போன பிறகு பார்த்தால் நாற்காலி முழுக்க ஈரமாம். ஐந்தாவது கிளையைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லையாம்.

"என்ன சொன்னீங்க?" மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாத்தையும்தான் சார். இத்தனை வருஷமா நெஞ்சுக்குள்ள கல்லா கெடந்துச்சு. சொன்னதும் லேசாயிடுச்சு. நீங்களும் சொல்லிருங்க சார். நல்லாருக்கும்."

மேனேஜர் போனை வைத்தார். உடனே சின்ன முதலாளியைக் கூப்பிட்டு, என்னை நம்பாமல் வேறு ஆளை வைத்து எழுதுகிறீர்களா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டார். அவர் சிரித்துவிட்டு, உங்களுக்குக் கொடுக்கவே யோசிச்சேன், இதில் இன்னொரு ஆளா என்றார்.

அப்படியானால் யார்?

விடை தெரியாத மாதிரி மேனேஜர் அன்று முழுக்க நடித்தார். வெளியாட்களிடம் இல்லை, தன்னிடமே. எந்தப் பத்திரிகைக்காரியோ எங்கிருந்தோ மோப்பம் பிடித்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார். நினைக்கக்கூடாது என்று விட்டிருந்ததையெல்லாம் மத்தியானம் படுத்தபோது நினைக்கும்படி ஆயிற்று.

அப்போது ஐந்தாம் கிளையில், பில் போட்ட சாமானைப் பையில் அடுக்கித் தரும் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. கோட்டு அவள் தோளில் ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கும். 'ஈர்க்குச்சி' என்று பேர் வைத்ததே மேனேஜர்தான், கடை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் கோட்டுப் பையில் ஐஸ்கிரீம் சுற்றிய காகிதம் ஒன்று கிடைத்தது. உடைந்துபோனதென்று ஒதுக்கிய பெட்டியிலிருந்து எடுத்தேன் சார் என்றாள். ஐஸ்கிரீம் அவ்வளவு ஆசையா, போய் ஆசை தீர நின்று பார் என்று மேனேஜர் அவளைக் குளிர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். அது அவர் வழக்கமாகக் கொடுக்கும் தண்டனைதான். பத்து நிமிஷம். வெளியே வரும்போது பல் கிடுகிடுக்கும், எல்லாரும் சிரிப்பார்கள், அதோடு சரி. உள்ளிருந்து திறக்கும் குமிழ் இறுகிப்போய் ரெண்டு மாதம் ஆகியிருந்தது. அது மேனேஜருக்குத் தெரியும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வார்.

மறுநாள் ஆறாவது கிளை திறப்பு. ஐந்தாம் கிளைக்கு விடுமுறை. சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்குக் கடையைச் சாத்திவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் பாலோடு வந்த வேன்காரரும் சாவியோடு வந்த மேனேஜருமாகத்தான் குளிர் அறையைத் திறந்தார்கள்.

அவள் கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். திறந்ததும், உட்கார்ந்த வாக்கிலேயே அவர்கள் காலடியில் சாய்ந்தாள். நிமிர்த்திப் படுக்கவைக்க முடியவில்லை.

திருட வந்து மாட்டிக்கொண்டாள் என்று பெரிய முதலாளி முடிவு செய்தார். மேனேஜர் அப்படியே எழுதினார், வேன்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பால் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து அவளை வேன்காரரே வீட்டுக்குக் கொண்டுபோனார். கடை வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறந்தது. அந்த அறையிலிருந்த ஐஸ்கிரீம் முழுக்க அந்த வாரமே விற்றுத் தீர்ந்தது. அவள் அம்மா ஒரு மாதம் தினமும் வந்து கடை வாசலில் நின்றாள். ஒருநாள் மேனேஜரை வழிமறித்து ஒன்றே ஒன்று கேட்டாள். ஒரு தடவையாவது கதவைத் தட்டினாளா சார்?

இல்லம்மா, தூக்கத்திலேயே போயிருக்கா என்றார் மேனேஜர். முந்தின நாள்தான் அவர் தன் கையாலேயே கதவின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார்.

வேன்காரரோடு போனில் பேசிய மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் மகள் போன் செய்தாள். அப்பா போய்விட்டார் என்றாள். நேற்றுப் பிற்பகல் வாசலில் நின்ற வேனைக் கழுவப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனவரைச் சாயங்காலம் வரை காணவில்லையாம்.

மேனேஜர் போனார். போகாமல் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதுதான் காரணம். மகள் அவரை ஓரமாகக் கூட்டிப்போய், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள். அப்பா வேனின் பின்பக்கம், சாமான் ஏற்றும் இடத்தில் கிடந்தார். கதவு பூட்டவில்லை. கொக்கி மாட்டவில்லை. சும்மா தள்ளினாலே திறக்கும். வெயிலில் வேன் தகரம் அடுப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆனா அப்பா சில்லுனு இருந்தாரு சார். தொட முடியல. நாங்க நாலு பேர் சேர்ந்தும் காலை நீட்ட முடியல."

கூடத்தில் வேன்காரரை உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்திருந்தார்கள். போர்வை இடுப்புவரை இருந்தது. கைகளை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. விரல் முட்டிகளில் தோலே இல்லை.

மேனேஜர் தெருவுக்கு வந்து மர நிழலில் நின்றார். வெயில் கண்ணைக் குத்தியது, யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள், எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அவர் மூக்கில் மட்டும் அந்தப் பழைய வாடை ஏறிக்கொண்டே வந்தது. உறைந்த அட்டைப்பெட்டியும் இரும்பும் புளித்த பாலும் கலந்த குளிர் அறை வாடை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கைக்குட்டையிலும் அதே வாடை.

அன்றைக்கு நடந்தது தெரிந்தவர்களில் அவரையும் வேன்காரரையும் விட்டால் மிச்சம் ஒரே ஒரு ஆள். ஐந்தாம் கிளையில் பில் போட்ட கேஷியரம்மா. இப்போது மகன் வெளியூரில், தனியாக இருக்கிறாள். அங்கே நின்றபடியே கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சார்? நீங்களா? நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க."

"அந்தப் பொண்ணு வந்தாளா?"

"காலைலயே வந்துட்டா. என்னையப் பார்த்துச் சிரிச்சா சார். அக்கான்னுதான் கூப்பிட்டா. நான் பயப்படல. சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

கேஷியரம்மா மூச்சு வாங்கினாள். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது. "கடை சாத்துறப்போ தட்டுற சத்தம் கேட்டுச்சு, உங்ககிட்ட சொன்னேன், மோட்டார் சத்தம்னு சொன்னீங்க. அதைச் சொன்னேன். சாருக்கு ஞாபகம் இருந்துச்சான்னு கேட்டா. இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க சாவிக்கொத்தை எடுத்துட்டுக் குளிர் ரூம் பக்கம் நாலு எட்டு வச்சீங்களே சார். நான் பாத்தேனே."

மேனேஜர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாகத் தனக்கே சொல்லிவந்தார். மறக்கவில்லை. நாலு எட்டு வைத்தார். வாசலில் பெரிய முதலாளியின் கார் ஹாரன் அடித்தது. ஆறாவது கிளைக்கு அவரைக் கூட்டிப்போக முதலாளியே வந்திருந்தார். ரெண்டரை மணி நேரம் உள்ளே கிடந்தவள் முதலாளி கண்ணெதிரே எப்படி வெளியே வருவாள் என்று நினைத்தார். வாட்ச்மேனிடம் சொல்லித் திறக்கச் சொல்லலாம் என்று நினைத்தார். காரில் முதலாளி அவர் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டே வந்தார். அந்தக் கைக்காகத்தான். வாட்ச்மேனிடம் சொல்லவேயில்லை.

"சார்" என்றாள் கேஷியரம்மா. "ரூம் கதவு தொறக்க மாட்டேங்குது. வெளில இருந்து ஒரு தள்ளு தள்ளுனா போதும். நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? யாரையாச்சும் அனுப்புங்களேன். ரொம்பக் குளுருது சார்."

வேன்காரர் வீட்டிலிருந்து கேஷியரம்மா வீட்டுக்கு ரெண்டு தெரு. நடந்தால் ஐந்து நிமிஷம். போனில் தட்டும் சத்தம் கேட்டது. டப். டப். டப். அவள்தான் தட்டுகிறாள். உயிரோடு இருக்கிறாள்.

"இதோ வர்றேன்" என்றார் மேனேஜர்.

போனை அணைத்தார். எதிர்த் திசையில் நடந்தார். ஆட்டோவை நிறுத்தி ஏறி உட்கார்ந்து தன் வீட்டு முகவரியைச் சொன்னார். மனைவியை அழைத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம், மகள் வீட்டுக்குப் போகலாம், அங்கே ஆள் நடமாட்டம் அதிகம். வழி முழுக்க இதையேதான் யோசித்தார். மடியில் போன் ஆறு தடவை அதிர்ந்தது. எல்லாம் கேஷியரம்மா. ஏழாவது தடவை வரவில்லை.

வீட்டு வாசற்கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் ஃபேன் ஓடவில்லை. மேசையில் ரெண்டு டம்ளர். ஒன்றில் காபி காலி. மற்றொன்றில் காபி அப்படியே இருந்தது, மேலே மெல்லிய பனி ஏடு படிந்து.

பின்கட்டு அறையிலிருந்து பேச்சுக்குரல் வந்தது. மனைவியின் குரல். யாருக்கோ மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஜுரம் கண்ட பிள்ளையைத் தேற்றுவதுபோல. நாற்பது வருஷமாக அவர் கேட்ட குரல். கடைப் பெண்களுக்குத் தலைவலி மாத்திரையும் தைலமும் அவரிடம் கொடுத்தனுப்பியவள் அவள். அந்த ஒல்லிப் பொண்ணு எப்படி இருக்கா என்று ஒருநாள் அவள் கேட்டபோது, கல்யாணமாகிப் போயிட்டா என்று சொல்லியிருந்தார்.

செருப்பைக் கழற்றாமலே அறை வாசலுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. ஒரு பித்தளைக் கைப்பிடி, கீழே அழுத்தித் திருப்பினால் திறக்கும்.

"என்னங்க?" பேச்சு நின்றது. "வந்துட்டீங்களா?"

"ம்."

"உள்ளேர்ந்து தொறக்க வரல. கொஞ்சம் தொறங்களேன்."

அவர் கைப்பிடியில் கை வைத்தார். சுரீரென்றது. எடுக்கப்போனவர் எடுக்கவில்லை.

"இந்தப் பொண்ணு எல்லாம் சொல்லிச்சு" என்றாள் மனைவி, கதவுக்கு அந்தப் பக்கம் மிக அருகில் நின்று. "நெசமாங்க?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"சரி, அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல தொறங்க. கை விறைக்குது."

கைப்பிடியை ஒரே ஒரு திருப்பு. அவ்வளவுதான். மனைவி வெளியே வந்துவிடுவாள். அவளோடு மற்றதும் வரும்.

"சார்" என்றது இன்னொரு குரல். மரியாதையான, மெலிந்த குரல். "உங்ககிட்டதான் சார் கேக்க வேண்டியது பாக்கி."

மேனேஜர் இடது கையையும் கைப்பிடியில் வைத்தார். திருப்ப இல்லை. திரும்பாமல் இருக்க.

"என்னங்க பண்றீங்க?" மனைவியின் குரலில் முதன்முறையாகப் பதற்றம். "அங்கதானே நிக்கிறீங்க? உங்க நெழல் தெரியுது. தொறங்க."

அவர் காலை அகற்றி ஊன்றிக்கொண்டார். தோளைக் கதவில் சாய்த்தார்.

தட்டினாள். உள்ளங்கையால். பிறகு முஷ்டியால். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவர் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ பாடியது. கதவுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து, செருப்பைச் சுற்றிக்கொண்டு, கூடத்துத் தரையில் பரவியது.

மேனேஜர் எண்ணினார். தட்டல்களை. எண்ணாவிட்டால் கேட்க வேண்டியிருக்கும். முப்பது. நாற்பது. இடைவெளி கூடியது. ஐம்பத்திரண்டு. வெகுநேரம் கழித்து ஐம்பத்து மூன்று. ஏதோ கதவை உரசிக்கொண்டே கீழே இறங்கியது. உட்காரும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

"அக்கா உக்காந்துட்டாங்க சார்" என்றது அந்தக் குரல்.

ஓட வேண்டும். வாசல் திறந்துதான் கிடக்கிறது. வெயில் தெரிகிறது. மேனேஜர் கையை எடுத்தார். கை வரவில்லை. இழுத்தார். உள்ளங்கைத் தோல் பித்தளையோடு ஒட்டிப்போய் வெளுத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். சதைதான் கிழிந்தது, கை வரவில்லை.

அவர் பிடியில் இருந்த கைப்பிடி, அவர் கைகள் இரண்டையும் தன்னோடு எடுத்துக்கொண்டு, உள்ளிருந்து மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.